லக்கலயில் யானை மறித்த நான்கு நாள்

எங்கள் குடும்பத்தில் போர்வை மடிப்பதற்கு ஒரு முறை இருந்தது. நீளவாக்கில் இரண்டு மடிப்பு, குறுக்கே மூன்று மடிப்பு. ஓரங்கள் ஒன்றின்மேல் ஒன்று அப்படியே நிற்க வேண்டும். நிற்கிறதா என்று அளந்து பார்க்கப் பெரியப்பா அடிமட்டத்தோடு வருவார். ஓரம் விலகியிருந்தால் முழுவதையும் உதறிப் போட்டுவிட்டு, "இது ஆமிக்காரன் வீட்டுப் போர்வையா?" என்று கேட்பார்.

அந்த ஆமிக்காரர் என் அப்பப்பா. பெரியப்பாவுக்கும், அவருடைய அக்காவான நாவுல அத்தைக்கும், காலமாகிவிட்ட என் அப்பாவுக்கும் தகப்பன். இரண்டாவது உலக யுத்தத்தில் இருந்தவர். யுத்தம் முடிந்து மாத்தளைக்குத் திரும்பி வந்து பத்து வருடங்களில் காய்ச்சலில் போய்விட்டார். அப்போது பெரியப்பாவுக்கு ஏழு வயது, அத்தைக்குப் பதினொன்று, என் அப்பா தவழ்ந்துவிட்டு நடக்கத் தொடங்கியிருந்த பிள்ளை. எனக்குத் தெரிந்த அப்பப்பா கூடத்துச் சுவரில் இருந்த படம்தான். சீருடை, மீசை, இறுகிய தாடை. யாரையோ சுடச் சொல்லி உத்தரவிடப் போகிறவர் மாதிரி நிற்பார்.

எங்கள் வீட்டில் எல்லாமே அவர் பெயரில்தான் நடந்தது. விடிய ஐந்து மணிக்கு எழும்புவது, சாப்பிடும்போது வாய் திறக்காமல் இருப்பது, சப்பாத்துகளை மூக்குப் பக்கம் வாசலைப் பார்க்க வைப்பது, எல்லாம். பெரியப்பா கல்விக் கந்தோரில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஓய்வு பெற்ற பிறகும் வீட்டுக்குள் யாரும் ஓய்வு பெறவில்லை. நான் கல்யாணம் முடித்துப் பக்கத்து வளவுக்குத்தான் குடிபோனேன். அங்கேயும் முதல் மாதமே அடிமட்டம் வந்தது.

அப்பப்பாவின் ஆமிப் பதிவைத் தேடத் தொடங்கியதற்குக் காரணம் கனடாவில் இருக்கும் பெரியப்பாவின் பேரன். அவனுடைய வகுப்பில் ஏதோ குடும்ப வரலாறு எழுதச் சொல்லியிருக்கிறார்கள். போனில் கேட்டான், தன் பூட்டன், அதாவது அப்பப்பா, ஆமியில் என்ன தரம் என்று. "கேப்டன்" என்றார் பெரியப்பா, கண் சிமிட்டாமல். இரண்டு நாள் கழித்து மறுபடியும் போன் வந்தது. டீச்சர் ஆதாரம் கேட்கிறாராம்.

பெரியப்பா என்னைக் கூப்பிட்டார். "பிள்ள, நீ பிறப்பு இறப்புப் பதிவுக் கந்தோர்லதானே வேலை செய்ற. இத ஒருக்காத் தேடி எடு."

பிறந்தவர்களையும் இறந்தவர்களையும் கண்டுபிடிப்பது என் தொழில் என்பது உண்மைதான். ஆனால் இடையில் அவர்கள் என்ன செய்தார்கள் என்பதை எங்கள் புத்தகங்களில் எழுதுவதில்லை. அதைச் சொன்னேன். பெரியப்பா கேட்பதாக இல்லை.

இராணுவப் பதிவு தேட வேண்டுமானால் சேவை இலக்கம் வேண்டும். வீட்டில் எந்தக் கடுதாசியும் இல்லை. அலுமாரி, லாச்சி எல்லாம் கவிழ்த்துப் பார்த்தோம். கடைசியில் பெரியப்பாவுக்கு ஒன்று ஞாபகம் வந்தது. அப்பப்பாவின் சாப்பாட்டு டின் ஒன்று, ஆமி கொடுத்தது, நாவுல அத்தையிடம் இருக்கிறது. அதன் அடியில் இலக்கங்கள் குத்தியிருந்தனவாம்.

ஒரு சனிக்கிழமை நாவுலவுக்கு பஸ் ஏறினேன். எண்பதைத் தாண்டிய அத்தை, அந்த டின்னால்தான் தினமும் அரிசி அளக்கிறார். அறுபது வருடமாக அதே டின், அதே அளவு. கொண்டுபோகவா என்று கேட்டேன்.

"கொண்டு போனா நான் எதால அளக்கிறது?"

"வேற சுண்டு வாங்கித் தாறேன் அத்தை."

"சோறு கூடும், இல்லாட்டிக் குறையும். இங்கயே பாத்துட்டுப் போ."

டின்னைக் கவிழ்த்து, அடியில் மஞ்சள் தூள் தேய்த்துத் துடைத்தோம். இலக்கங்கள் மெல்லத் தெரிந்தன. நடுவில் ஒன்று மட்டும் தேய்ந்திருந்தது. நான் எட்டு என்றேன். அத்தை மூன்று என்றார். அத்தைக்குக் கண் சரியில்லை என்று நினைத்து எட்டு என்றே எழுதிக்கொண்டேன். கண் சரியில்லாதவள் யார் என்பது பிறகு தெரிந்தது.

அப்பப்பாவின் பெயரை இங்கிலீஷில் எத்தனை விதமாக எழுதலாமோ அத்தனை விதமாக எழுதி, கூடவே அந்த இலக்கத்தையும் போட்டு, இங்கிலாந்தில் பழைய இராணுவப் பதிவுகள் வைத்திருக்கும் ஓர் இடத்துக்கு விண்ணப்பம் அனுப்பினேன். மூன்று மாதத்தில் மறுமொழி வந்தது. இந்தப் பெயர்களில் எவரும் இல்லை, இந்த இலக்கத்துக்கு எங்களிடம் இருப்பவர் இவர், நீங்கள் தேடுபவர்தானா என்று பார்த்துக்கொள்ளவும் என்று ஒரு மரியாதையான கடிதமும், நான்கு பக்கமும்.

பெரியப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். பிறந்தது ஸ்கொட்லாந்தில் ஒரு தீவு. உயரம் ஆறடி இரண்டு அங்குலம். கண் நீலம். முடி சிவப்பு.

"அப்பா நல்ல உயரம்தான்" என்றார் பெரியப்பா.

"பெரியப்பா, முடி சிவப்புன்னு இருக்கு."

"வெயில்ல நின்னா சிவக்கும்தானே. அந்தக் காலத்துல முகாம்ல நிழல் ஏது?"

"கண் நீலம்."

"அது எழுதினவன் சரியாப் பாக்கல."

"ஸ்கொட்லாந்துல பிறந்தவர்."

அவர் காகிதத்தை என் கையிலிருந்து வாங்கிக்கொண்டார். திருப்பித் தரவில்லை. அந்த ஸ்கொட்லாந்துக்காரர் சார்ஜன்ட் வரை உயர்ந்து, ஒரு பதக்கமும் வாங்கியிருந்தார். அப்படிப்பட்ட தகப்பனை விடுவது யாருக்கும் கஷ்டம்தான். ஒரு வாரம் அந்த நான்கு பக்கமும் பெரியப்பாவின் தலையணைக்குக் கீழேயே இருந்தன.

நாவுலவுக்குப் போன் பண்ணி விஷயத்தைச் சொன்னேன். "மூணுன்னு நான் அன்னைக்கே சொன்னேன்" என்றார் அத்தை.

மூன்றைப் போட்டு மறுபடி அனுப்பினேன். இந்த இலக்கம் இலங்கையில் திரட்டிய படைக்குரியது, கொழும்பில் கேட்கவும் என்று பதில் வந்தது. கொழும்பில் கேட்டேன். அவர்கள் ஒரு படிவம் அனுப்பினார்கள், நான் நிரப்பி அனுப்பினேன், அவர்கள் வேறொரு படிவம் அனுப்பினார்கள். நானும் ஊரெல்லாம் படிவம் நிரப்ப வைக்கிறவள் என்பதால் கோபப்பட எனக்கு உரிமையில்லை. ஒரு வருடம் ஓடியது. அதற்குள் கனடாப் பேரன் வேறு வகுப்புக்கே போய்விட்டான். ஸ்கொட்லாந்துக்காரரை வைத்து எழுதி நல்ல மார்க்ஸ் எடுத்ததாகப் பிறகு கேள்விப்பட்டேன்.

கடைசியில் ஒரு பழுப்பு உறை என் கந்தோருக்கு வந்தது. மதியச் சாப்பாட்டு நேரத்தில் தனியாக உட்கார்ந்து பிரித்தேன். பெயர் சரி. ஊர் மாத்தளை, சரி. உயரம் ஐந்தடி மூன்று அங்குலம். தரம், சேர்ந்தபோது பிரைவேட், விலகியபோதும் பிரைவேட். பர்மாவில் சண்டை போட்டார் என்று நாங்கள் கேட்டு வளர்ந்திருந்தோம். அவர் திருகோணமலைப் பக்கம் ஒரு முகாமில் களஞ்சியத்துக்குக் காவல் நின்றிருக்கிறார். கடலைக் கண்டிருக்கிறார், தாண்டவில்லை.

அதுவாவது பரவாயில்லை. அடுத்து இருந்தது நடத்தைத் தாள். ஒரு சிப்பாய் செய்த குற்றங்களையும் அதற்கு அவன் சொன்ன விளக்கத்தையும் அதிகாரி எழுதி வைக்கும் தாள். மற்றவர்களுக்கு ஒரு தாள் போதும் போலிருக்கிறது. அப்பப்பாவுக்கு ஒன்றின்மேல் ஒன்று ஒட்டியிருந்தார்கள். வாசிக்க வாசிக்க எனக்குச் சோறு இறங்கவில்லை. சிரிப்பு ஒரு பக்கம், பெரியப்பாவின் முகம் ஒரு பக்கம்.

காணாமல் போய்விட்டது என்று சொல்லி உறையை மறைத்திருப்பேன். ஆனால் தபால்காரர் பெரியப்பாவுக்கு வேண்டியவர். உறை வந்த செய்தி எனக்கு முன்னால் வீட்டுக்குப் போயிருந்தது.

"திறக்காதே" என்றார் பெரியப்பா. "ஞாயிற்றுக்கிழமை அப்பாட திவசம். எல்லாரும் வருவாங்க. எல்லாருக்கும் முன்னால வாசிப்பம்."

அவரே வாசித்திருப்பார். ஆனால் அந்த வாரம்தான் கண்ணில் ஆபரேஷன் முடித்து, கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்; எழுத்துப் பார்க்கக் கூடாது என்று டொக்டர் சொல்லியிருந்தார். எனவே நான் வாசிக்க வேண்டும். இங்கிலீஷ் தெரியாத பெரியம்மாவுக்காகத் தமிழில்.

ஞாயிற்றுக்கிழமை திவசம் முடிந்து, படையல் முடிந்து, எல்லோரும் கூடத்தில் உட்கார்ந்தோம். நாவுல அத்தையை என் கணவர் போய்க் கூட்டி வந்திருந்தார். பெரியப்பா படத்துக்கு நேரே நாற்காலியைப் போட்டு, முதுகை நிமிர்த்திக்கொண்டு, "வாசி" என்றார்.

நான் தமிழாக்கத்தைத் தொடங்கினேன். அணியில் நிற்கும்போது பேசியதற்காக ஒன்பது தடவை தண்டனை என்று இருந்தது. "அணியில நிக்கும்போது இவருடைய குரல் கணீர்னு கேட்டதா எழுதியிருக்கு" என்றேன். பெரியப்பா தலையாட்டினார்.

பியூகிள் ஊதியும் எழும்பாமல் கிடந்தது, ஏழு தடவை. "ஓய்வு நேரத்துலயும் முகாமை விட்டு நகரமாட்டாராம்."

இடது சப்பாத்தைத் தொலைத்தது. "தன்னுடைய சப்பாத்தைக்கூட மத்தவங்களுக்குக் குடுத்திருக்கார்."

"ஒரு சப்பாத்தையா?" என்று கேட்டார் பெரியப்பா.

நான் தடுமாறினேன். கறுப்புக் கண்ணாடி என் பக்கம் திரும்பியது. "பிள்ள, நீ சின்ன வயசுல ரிப்போர்ட் கார்ட் வாசிச்ச மாதிரியே வாசிக்கிற. இங்கிலீஷ்ல இருக்கிறத அப்படியே வாசி. பெரியம்மாவுக்கு நான் சொல்லிக்கிறேன்."

வேறு வழியில்லை. முதலிலிருந்து உள்ளபடியே வாசித்தேன். பேச்சு ஒன்பது தடவை. தூக்கம் ஏழு தடவை. காவல் நிற்கும்போது பாட்டு. களஞ்சியத்துப் பாண் ரொட்டியை ஒரு தெருநாய்க்குப் போட்டு வளர்த்து, அந்த நாய் பிறகு அதிகாரிகளை மட்டும் பார்த்துக் குரைத்தது. இடது சப்பாத்து தொலைந்தது. விளக்கம், ஆற்றுத் தண்ணீர் கொண்டுபோய்விட்டது. பத்து நாள் கழித்து வலது சப்பாத்தும் தொலைந்தது. விளக்கம், ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு என்ன செய்வதென்று தெரியவில்லை. சாப்பாட்டு டின் தொலைந்தது.

இந்த இடத்தில் எல்லோரும் நாவுல அத்தையைப் பார்த்தார்கள். அத்தை சேலைத் தலைப்பைச் சரிசெய்துகொண்டார்.

கடைசிக் குற்றம், லீவில் மாத்தளைக்குப் போனவர் நான்கு நாள் பிந்தி வந்தது. விளக்கம், லக்கலயில் யானைக் கூட்டம் பாதையை மறித்தபடியால் வர முடியவில்லை. அதற்குக் கீழே அதிகாரியின் கையெழுத்தில் ஒரு வரி: வரைபடத்தில் பார்த்தேன், மாத்தளையிலிருந்து இங்கே வரும் பாதையில் லக்கல இல்லை.

எல்லாவற்றுக்கும் முடிவில், விலகும்போது எழுதிய மதிப்பீடு. சோம்பேறி. உண்மை பேசாதவர். எப்போதும் சந்தோஷமாக இருப்பவர். இவர் இருந்த சிப்பாய்க் கொட்டிலில் சண்டை வந்ததில்லை. எந்த வேலைக்கும் சிபாரிசு செய்ய முடியாது.

வாசித்து முடித்தேன். பெரியம்மா மட்டும் மெதுவாக, "என்னங்க சொல்லுது?" என்று கேட்டார். பெரியப்பா மொழிபெயர்க்கவில்லை.

அப்போதுதான் அத்தை சிரிக்க ஆரம்பித்தார். முதலில் தோள் மட்டும் குலுங்கியது. பிறகு சத்தம் வந்தது. பிறகு கண்ணீர் வந்தது.

"இதுதான்டா தம்பி அப்பா" என்றார். "அச்சுக் குத்தின மாதிரி எழுதியிருக்கான் அந்த வெள்ளக்காரன்."

பெரியப்பா அத்தை பக்கம் திரும்பினார். "அக்கா, உங்களுக்குத் தெரியுமா?"

"எனக்குப் பதினொரு வயசு. தெரியாம இருக்குமா? வீட்டுல எந்த நேரமும் கதைதான், பாட்டுத்தான். ஏழு மணியாகியும் எழும்ப மாட்டார். அம்மா தண்ணி தெளிச்சு எழுப்புவாங்க."

"அப்ப அஞ்சு மணிக்கு எழும்பினது?"

"அது அம்மா."

"போர்வை மடிக்கிறது?"

"அதுவும் அம்மாதான். அவர் செத்த பிறகு மூணு பிள்ளைங்களை எழுப்பிக் குளிக்க வச்சு ஸ்கூலுக்கு அனுப்ப அம்மாவுக்கு ஒரு ஆம்பிளக் குரல் தேவைப்பட்டுச்சு. படம் சும்மாதானே தொங்குதுன்னு அதைப் பிடிச்சிக்கிட்டாங்க. அப்பா பாக்கிறார், அப்பா பாக்கிறார்னு. நீதான் நல்லா நம்பின. உன்னைப் பாத்து உன் தம்பியும் எழும்பினான். பிறகு எப்படிச் சொல்றது?"

பெரியப்பா படத்தைப் பார்த்தார். ஆபரேஷன் கண்ணுக்கு அது எப்படித் தெரிந்ததோ. "முகம் அப்படி இருக்கே" என்றார்.

"அன்னைக்கு அவருக்குப் பல்லு வலி."

இவ்வளவு நேரமும் அடக்கிக்கொண்டிருந்த என் கணவர் எழுந்து, தண்ணீர் குடிக்கப் போவதாகச் சொல்லிவிட்டுக் குசினிப் பக்கம் ஓடினார்.

பெரியப்பா சிரிக்கவில்லை. எழுந்து போகவும் இல்லை. "மத்ததெல்லாம் சரி. யானை மறிச்சதுன்னு ஏன் அப்படி ஒரு பொய்?" என்று கேட்டார். அந்த ஒன்றுதான் அவருக்கு ஆறவில்லை. வரைபடம் பார்த்தால் தெரிந்துவிடும் பொய்யைச் சொல்லியிருக்கிறாரே என்பதுதான் கல்விக் கந்தோர்க்காரருக்குத் தாங்கவில்லை என்று நினைக்கிறேன்.

அத்தை சிரிப்பை நிறுத்தினார். "அந்த நாலு நாளும் நான்தான்."

எங்களுக்குப் புரியவில்லை.

"நான் பிறந்தது அப்பதான். அம்மா சொல்லியிருக்காங்க. லீவு முடியிற அன்னைக்கு அம்மாவுக்கு வலி எடுத்திருக்கு. அடுத்த நாள் நான் பிறந்தேன். என்னை விட்டுட்டுப் போக மனசு வராம இருந்துட்டார்."

"அதச் சொல்லியிருக்கலாமே. பிள்ள பிறந்ததுன்னா எந்த அதிகாரியும் லீவு குடுப்பானே!"

"எப்படிச் சொல்றது?" என்றார் அத்தை. "அந்தக் காரணத்தை அவர் ஏற்கெனவே ரெண்டு தரம் சொல்லி லீவு எடுத்துட்டாராம்."

நான் உறையை மறுபடி திறந்தேன். பின்னால் இரண்டு பக்கம் லீவுக் கணக்கு இருந்தது. குற்றங்களைப் பார்த்த அவசரத்தில் அதை நான் கவனிக்கவே இல்லை. விரலை வைத்து இறங்கினேன். ஓரிடத்தில், மகள் பிறந்தபடியால் ஐந்து நாள். அதற்கு ஐந்து மாதம் கழித்து, மகன் பிறந்தபடியால் ஐந்து நாள். பக்கத்தில் அதே அதிகாரியின் கையெழுத்தில், வியப்பு என்று ஒரே ஒரு சொல். அந்த இரண்டு லீவும் எடுத்தபோது அப்பப்பாவுக்குப் பிள்ளையே கிடையாது. முதல் லீவின்போது கல்யாணமும் ஆகியிருக்கவில்லை. உண்மையாகவே பிள்ளை பிறந்தபோது, சொல்வதற்கு மிச்சமாக இருந்தது யானைதான்.

இதைக் கேட்டதும் பெரியப்பாவின் வாய் ஓரம் கோணியது. அதை நிறுத்த அவர் பட்ட பாடு எனக்குத் தெரிந்தது. நிறுத்த முடியவில்லை. அந்த வீட்டில் அவர் சத்தம் போட்டுச் சிரித்ததை அன்றுதான் முதல் தடவை கேட்டேன். பெரியம்மா பயந்துபோய், கண்ணில் தையல் போட்டிருக்கு, குலுங்காதீங்க என்று கத்தினார். இன்னும் அவருக்கு யாரும் எதையும் தமிழில் சொல்லவில்லை.

ஆனாலும் பெரியப்பா பெரியப்பாதான். இரவு நான் வீட்டுக்குப் போகும்போது என்னைத் தனியாகக் கூப்பிட்டு, "அக்கா சொல்றத மட்டும் வச்சு முடிவு பண்ணக் கூடாது. பதிவைப் பார்" என்றார்.

திங்கட்கிழமை கந்தோரில் பழைய பிறப்புப் புத்தகத்தை எடுத்தேன். தூசி தட்டி, அந்த வருடத்தைப் பிடித்து, பக்கம் பக்கமாகப் போனேன். அத்தை இருந்தார். பிறந்த தேதி, அந்த நான்கு நாளில் முதல் நாள். தகவல் கொடுத்தவர் என்ற இடத்தில் அப்பப்பாவின் கையெழுத்து. முகாமில் இருந்திருக்க வேண்டிய மனிதர், மூன்றாவது நாள் காலையில் மாத்தளைப் பதிவுக் கந்தோரில் நின்று, மகளைப் பதிந்திருக்கிறார். தொழில் என்ற இடத்தில் இராணுவ வீரன் என்று பெரிதாக எழுதியிருந்தது. லீவு இல்லாமல் வந்து நின்ற ஒருவர் அரசாங்கப் புத்தகத்திலேயே கையெழுத்துப் போட்டுவிட்டுப் போயிருக்கிறார். அதிகாரி வரைபடத்தைப் பார்ப்பதற்குப் பதிலாக இந்தப் புத்தகத்தைப் பார்த்திருக்கலாம்.

பிரதி எடுத்துக்கொண்டு போய்க் கொடுத்தேன். டொக்டர் சொன்னதையெல்லாம் மறந்து, பெரியப்பா கண்ணாடியைக் கழற்றிவிட்டுக் காகிதத்தை மூக்குக்குக் கிட்ட வைத்துப் பார்த்தார். அந்தக் கையெழுத்தை மட்டும் நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு கனடாவுக்குப் போன் எடுக்கச் சொன்னார்.

"தம்பி, பூட்டன் கேப்டன் இல்ல. பிரைவேட். கடைசி வரைக்கும் பிரைவேட்" என்று அறிவித்துவிட்டு, சப்பாத்துக் கதையை இங்கிலீஷிலும் தமிழிலும் சொன்னார். அந்தப் பக்கம் பேரன் சிரிப்பது எனக்குக் கேட்டது. ஸ்கொட்லாந்துக்காரரைப் பற்றி எழுதிய கட்டுரையை என்ன செய்வது என்று அவன் கேட்டான். "அவரும் நல்ல மனுசன்தான், இருக்கட்டும்" என்றார் பெரியப்பா.

போனை வைத்த பிறகு, நான் கேட்காமலேயே ஒன்று சொன்னார். தன் அப்பாவைப் பற்றி அவருக்கே ஞாபகம் இருந்த ஒன்று. மாரியம்மன் தேர் நாள். சரியான சனம். அவரைத் தோளில் வைத்துக்கொண்டு அப்பா கூட்டத்துக்குள் நுழைந்திருக்கிறார். ஒரு பொலிஸ்காரர் மறித்திருக்கிறார். அப்பா விறைப்பாக நின்று சல்யூட் அடித்து, "தேருக்குப் பக்கத்துல போகச் சொல்லி உத்தரவு" என்றாராம். யாருடைய உத்தரவு என்று கேட்டிருக்கிறார் பொலிஸ்காரர். அப்பா கையை மேலே தூக்கித் தோளில் இருந்தவரைக் காட்டினாராம்.

"விட்டாரா?" என்று கேட்டேன்.

"விட்டார். பொலிஸ்காரர் எனக்கு ஒரு சல்யூட்டும் அடிச்சார்."

"இதை ஏன் பெரியப்பா இவ்வளவு காலமா எங்ககிட்ட சொல்லல?"

"ஒழுங்கில்லாத கதைன்னு நினைச்சேன் பிள்ள" என்றார். உள்ளேயிருந்து பெரியம்மா இடியப்பம் ஆறுது என்று கூப்பிட்டார். அவர் எழும்பவில்லை. நாற்காலியை என் பக்கம் இழுத்துப் போட்டுக்கொண்டு, "இன்னொன்னும் இருக்கு" என்றார்.